'டோக்கியோ ஸ்டோரி' எனக்குப் பிடிக்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு உலகப் படம் திரையிடுகிறோம். போன மாதம் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. உலகத்திலேயே மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று ஒரு வாரமாக வாட்ஸாப்பில் பேச்சு. ஆசையோடுதான் போனேன். 136 நிமிடப் படம். பாதிக்கு முன்பே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வயதான அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊருக்குத் திரும்புகிறார்கள், அம்மா செத்துப்போகிறாள். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்கிறது.

படம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினோம். "மௌனத்தின் மொழி" என்றார் ஒருவர். "வாழ்வின் தரிசனம்" என்றார் இன்னொருவர். என் முறை வந்தபோது "அற்புதம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தகத்திலும் இதே கதைதான். எழுத்தாளர் மௌனியின் சிறுகதைகளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

எனக்கு ரசனை இல்லை, அல்லது மற்றவர்கள் எல்லாரும் நடிக்கிறார்கள். இரண்டில் எது? உண்மையைச் சொன்னால், அந்த மகள் தன் புருஷன் வாங்கி வந்த கேக்கைப் பார்த்து "இவ்வளவு விலையில் இவர்களுக்கு எதற்கு" என்பது போலப் பேசும் இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. மற்றபடி ஒன்றுமே ஒட்டவில்லை.

ச.,
சேலம்

அன்புள்ள ச.,

படம் உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. "அற்புதம்" என்று சொன்னீர்களே, அதில்தான் வருத்தம். அந்த வட்டத்தில் நீங்கள் ஒருவர் "எனக்கு ஒட்டவில்லை" என்று வாயைத் திறந்திருந்தால், அங்கே இன்னும் இரண்டு பேர் மூச்சு விட்டிருப்பார்கள். "மௌனத்தின் மொழி" என்றவர் எந்தக் காட்சியின் மௌனம் என்று சொல்ல வேண்டிவந்திருக்கும். உங்களுக்கும் அவருக்கும் அது நல்லது.

ரசனை இல்லையா, எல்லாரும் நடிக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்: ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய். ஷேக்ஸ்பியரை அவரால் கடைசிவரை ரசிக்க முடியவில்லை. உலகம் முழுக்கக் கொண்டாடுகிறதே, நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஐம்பது வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்தார். ரஷ்ய மொழியில், ஆங்கிலத்தில், ஜெர்மன் மொழிபெயர்ப்பில் என்று மாற்றி மாற்றிப் படித்தார். எழுபத்தைந்து வயதில் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்தார். அதே சலிப்பு, அதே குழப்பம். 1906-இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் அதை ஒளிக்காமல் எழுதினார்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அவர் அதைச் சொன்ன விதத்தை. "ஷேக்ஸ்பியர் போரடிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அலைகிற கிழ அரசன் லியரின் கதையான 'கிங் லியர்' நாடகத்தை எடுத்து வைத்துக்கொண்டு காட்சி காட்சியாகப் போகிறார். வாழ்நாள் முழுக்கத் தன்னோடு இருந்த மகள்களின் குணம் லியருக்கு எப்படித் தெரியாமல் போகும்? இத்தனை வருடம் பழகிய பிரபு கென்ட் மாறுவேடத்தில் வந்தால் அடையாளம் தெரியாதா? கண் தெரியாத இன்னொரு பிரபு க்ளாஸ்டர் சமதரையில் குதித்துவிட்டு மலையுச்சியிலிருந்து விழுந்ததாக எப்படி நம்புவான்? அரசனும் சேவகனும் ஏன் ஒரே மாதிரி அலங்காரமாகப் பேசுகிறார்கள்? ஒவ்வொன்றும் உருப்படியான கேள்வி. லியரை நேசிக்கிறவர்கள் இன்றுவரை அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில் தேடும்போது நாடகம் அவர்களுக்கே இன்னும் துலக்கமாகிறது. க்ளாஸ்டர் குதிக்கும் காட்சியை நான் ஒழுங்காகப் படித்ததே டால்ஸ்டாய் அதைத் திட்டியிருந்ததால்தான்.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஷேக்ஸ்பியரைப் பிடிக்கும் என்கிறவர்கள் எல்லாரும் ஒரு தொற்று மயக்கத்தில் இருக்கிறார்கள் என்று அடுத்த அடியும் எடுத்து வைத்தார். உங்கள் இரண்டாவது சந்தேகம் இதுதான். இந்த இடத்தில் அவரை விட்டுவிட வேண்டும். தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று விரல் வைத்துக் காட்டியவர், பிறருக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பொறுமையை இழந்துவிட்டார். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1947-இல் இதற்கு ஒரு பதில் எழுதினார். சொத்தையும் பட்டத்தையும் துறந்துவிட்டு, துறந்தும் நிம்மதி கிடைக்காத கிழவனின் கதை லியர். அது டால்ஸ்டாயின் சொந்தக் கதைக்கு மிக அருகில் வருகிறது, எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆர்வெலின் வாதம். 1910-இல் டால்ஸ்டாய் வீட்டைவிட்டு வெளியேறி அஸ்டபோவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில் இறந்ததை நினைத்தால் அந்த வாதத்தைத் தள்ளவும் முடியவில்லை. நமக்கு ஒரு படைப்பு ஒட்டாமல் போக, அது நம்மிடமிருந்து வெகு தூரத்தில் இருப்பது ஒரு காரணம். ரொம்பக் கிட்டே வந்துவிடுவது இன்னொரு காரணம்.

பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு வரிசை போடுகிறது. முதல் தடவை முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அந்தப் பத்துக்குள்ளேயே வராத 'சிட்டிசன் கேன்' 1962-இலிருந்து 2002 வரை முதலிடத்தில் இருந்தது. 2012-இல் 'வெர்டிகோ'. 2022-இல் 'ஜான் டீல்மன்'. 'டோக்கியோ ஸ்டோரி' 2012-இல் இயக்குநர்கள் போட்ட வரிசையில் முதலிடம். படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, பார்க்கிறவர்கள்தான் மாறுகிறார்கள். எந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளப் பட்டியல் உதவும், அவ்வளவுதான். அதை வைத்து உங்களை நீங்களே அளந்துகொள்ள வேண்டாம்.

இப்போது படத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. இந்தப் படத்தைத் தமிழில் அறிமுகப்படுத்தும் பாஷையின் மேல்தான். மௌனம், தரிசனம், உன்னதம், ஆன்மிகம்! இப்படிக் கேட்டுவிட்டுப் போகிற ஒருவர் கோயிலுக்குப் போகிற மனநிலையோடு உட்காருவார். திரையிலோ கேக்கின் விலையும், யார் எங்கே படுப்பது என்ற பேச்சும், தாத்தா பாட்டிக்காகத் தன் மேஜையை நகர்த்திவிட்டார்கள் என்று பேரன் போடும் சண்டையும்! இந்தப் படத்தில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ச. உன்னதத்தைத் தேடிக்கொண்டிருந்த உங்களுக்கு ஒரு வீட்டின் சில்லறைப் பேச்சு காதில் விழாமல் போனது இயற்கை.

முதல் காட்சியை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். சொந்த ஊரான ஓனோமிச்சியில் கணவனும் மனைவியும் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்று ஊதிக்கொள்ளும் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். இங்கே இல்லையே என்கிறாள் அவள். நடுவில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, நல்ல பிள்ளைகள், கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பிறகு தலையணை அவர் பையிலேயே கிடைக்கிறது. "ஆ, இருக்கு" என்கிறார். மன்னிப்பும் கேட்கவில்லை, அவளும் குத்திக்காட்டவில்லை. அத்தனை வருடத் தாம்பத்தியம் அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்து போவதால் நமக்கு அது காட்சியாகவே தெரிவதில்லை. அம்மா இறந்த பிறகு அதே ஜன்னலில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா வரும்போது, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருந்தபோது இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்திருப்பேன் என்கிறார் அந்தக் கிழவர். எனக்கு அங்கே தலையணைதான் ஞாபகம் வந்தது.

இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்றீர்கள். நிறைய நடக்கிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடங்களை ஓசு தாண்டிப் போய்விடுகிறார். டோக்கியோவுக்கு ரயிலில் வருவதைக் காட்டுவதில்லை. திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போவதையும் காட்டுவதில்லை. ஓசாகாவில் இருக்கும் மகன் தன்னோடு வேலை பார்ப்பவரிடம் அதைச் சாதாரணமாகச் சொல்கிறான், அவ்வளவுதான். இது ஓசுவின் தேர்வு. உங்களுக்கு இந்தத் தேர்வு பிடிக்காமல் இருக்கலாம். பெரிய நிகழ்ச்சியை நேரில் பார்த்து அழ வேண்டும் என்று விரும்புகிறவர்களை நான் குறைவாக நினைக்கமாட்டேன். அப்படியென்றால் ஹாலிவுட் இயக்குநர் லியோ மெக்கேரி 1937-இல் எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ'வைப் பாருங்கள். வயதான தம்பதி, இடம் கொடுக்காத பிள்ளைகள், கிட்டத்தட்ட இதே கதை. ஓசுவோடு திரைக்கதை எழுதிய நோடா அந்தப் படத்தைப் பார்த்திருந்தவர். அது உங்களுக்கு ஒட்டி ஓசு ஒட்டவில்லை என்றால், உங்கள் ரசனை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மௌனி எனக்கும் ஒட்டவில்லை. புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னது தெரியும். அந்த வாக்கியங்களின் மயக்கமும் தெரியும். அவர் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் ஒரு ஆணின் ஏக்கத்தைத் தூண்டிவிடத்தான் வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பகல் பொழுது, ஒரு வீட்டு வேலை, ஒரு எரிச்சல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் நான் விலகிவிடுகிறேன். மௌனியை உயிராக நினைக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மறுத்திருக்கிறார்கள், நட்பு அப்படியேதான் இருக்கிறது. நீங்களும் மௌனியை மூடி வைக்கும்போது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் மூடினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

கடைசியாக, அந்தக் கேக். படம் பார்த்து ஒரு மாதம் ஆகப்போகிறது, கேக்கின் மேல் உங்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை! ஒட்டாத படம் இப்படிச் செய்யாது. அடுத்த முறை வட்டத்தில் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

எனக்கு அந்த மகள் ஷிகே மேல் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகு நிலையத்தை நடத்திக்கொண்டு நிற்க நேரமில்லாமல் ஓடுகிற பெண் அவள். அம்மா பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாக அழுகிறவளும் அவள்தான். அப்பா குடித்துவிட்டு நள்ளிரவில் போலீஸ்காரர் துணையோடு வந்து விழும் இரவில், சின்ன வயதில் இவர் இப்படித்தான் வந்து அம்மாவைப் படுத்துவார், கடைசித் தங்கை பிறந்த பிறகுதான் நிறுத்தினார் என்று புருஷனிடம் சொல்கிறாள். அந்தப் பரிவான கிழவருக்கு இப்படி ஒரு பழைய கணக்கு இருப்பது ஷிகே வாயால்தான் நமக்குத் தெரிய வருகிறது. அவளுடைய கடுகடுப்பை நான் அந்த இரவோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். சாவுச் சாப்பாடு முடிவதற்குள் அம்மாவின் கிமோனோ இடுப்புப் பட்டியைக் கேட்கிறாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். விரிவாக எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா