டேப் சண்டையும் சனிக்கிழமைச் சம்பளமும்: வாசகர் கேள்வி பதில்

பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் செய்கிறோமுங்க. கோடில் வரியை உள்ளே தள்ள டீமில் பாதிப் பேர் டேப், பாதிப் பேர் நாலு ஸ்பேஸ். ஒருவர் கோடை இன்னொருவர் பார்க்கிற ரிவ்யூ என்றாலே தகராறு. எது சரிங்க?
- வாசகர், திருப்பூர்

இரண்டும் சரிதானுங்க. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டேப், அதுவும் எட்டு எழுத்து அகலம். பைத்தான் மொழிக்கு 2001இல் வந்த பெப் 8 என்கிற எழுத்துநடை வழிகாட்டி நாலு ஸ்பேஸ் என்கிறது. ஒரே பிளாக்குக்குள் இரண்டையும் குழப்பியடித்தால்தான் வம்பு, பைத்தான் 3 ஓடவே மாட்டேன் என்று எரர் காட்டும். கோ மொழிக்காரர்கள் இந்தப் பேச்சே வேண்டாம் என்று கோடைத் தானாக ஒழுங்குபடுத்துகிற கோஃபம்ட் (gofmt) என்கிற கருவியை மொழியோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள், டேபை ஸ்பேஸாக்க அதில் ஆப்ஷனே கிடையாது. நீங்களும் பைத்தானுக்கு பிளாக் (Black), ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு பிரிட்டியர் (Prettier) என்று அதே மாதிரிக் கருவி எதையாவது மாட்டிவிட்டு, கமிட் ஆகும்போது, அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிடுங்கள். சீனியருக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்க வேண்டாம், பழகினால் போதும்.

அப்புறம் ரிவ்யூவில் மிச்சமாகிற நேரத்தில் பெயர்களைப் பாருங்கள். பீஸ் ரேட்டை ஆர்1, ஆர்2 என்று எழுதி வைத்தால் கட்டிங் ரேட் எது, ஓவர்லாக் ரேட் எது என்று ஆறு மாதம் கழித்து எழுதினவருக்கே தெரியாது, இரண்டும் இடம் மாறினால் சனிக்கிழமை சம்பளம் போடும்போது யாரோ ஒரு டெய்லருக்குக் கூலி குறையும். இதை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காதுங்க.

பழைய பில்லிங் புரோகிராம் முழுவதையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்யலாமா?
- வாசகி, சரவணம்பட்டி

செய்யலாம், ஆனால் அது மட்டும் தனி கமிட்டாக இருக்கட்டும். 'போகிற போக்கில் ஜிஎஸ்டி கணக்கையும் திருத்திவிட்டேன்' என்று யாராவது உள்ளே நுழைத்தால் பிறகு அந்தத் திருத்தத்தைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். தனிக் கிளையாகப் பாதியில் நிற்கிற பிராஞ்சுகளை முதலில் மெர்ஜ் செய்து சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதி கான்ஃப்ளிக்ட் கொட்டும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டுகிற கிட் பிளேமில் எல்லா வரிக்கும் உங்கள் பெயரே வருமே என்ற பயம் வேண்டாம்: 2019இல் வந்த கிட் 2.23 முதல், அந்த கமிட்டின் எண்ணை ஒரு ஃபைலில் போட்டு, இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் (blame.ignoreRevsFile) செட்டிங்கில் காட்டினால் பிளேம் அதைத் தாண்டிப் போய்விடும்.

இஃப்புக்குக் கீழே ஒரே வரிதான் என்றாலும் பிராக்கெட் போடச் சொல்கிறார்கள். வெட்டி வேலைதானே சார்?
- கல்லூரி மாணவர், ஈரோடு

2014இல் ஆப்பிளுக்கு என்ன ஆனது தெரியுமா தம்பி? பிராக்கெட் இல்லாத ஒரு இஃப்புக்குக் கீழே 'கோட்டூ ஃபெயில்' (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு தடவை விழுந்துவிட்டது. இரண்டாவது வரியும் உள்ளே தள்ளித்தான் இருந்தது, பார்த்தால் இஃப்பைச் சேர்ந்தது மாதிரியே தெரியும், ஆனால் அது எப்போதும் ஓடி, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் கையெழுத்துச் சோதனையையே தாண்டிப் போனது. ஐபோனிலும் மேக்கிலும் அவசரமாகத் திருத்தம் விட வேண்டியதாயிற்று. 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர் இந்த மாதிரி ஏமாற்றுகிற இடைவெளிக்கு எச்சரிக்கை கொடுக்கிறது, '-Wall' ஆப்ஷனோடு கம்பைல் செய்து பாருங்கள்.