அடையாறு முகத்துவாரத்தில் வாலாட்டும் பழுப்புப் பறவை

வணக்கம் நண்பரே. ஜனவரிக் காலையில் சேற்றோரம் பார்த்த சிறு பழுப்புப் பறவை காமன் சாண்ட்பைப்பரா, வுட் சாண்ட்பைப்பரா, படம் எதிர்வெயிலில் நிழலாகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். நிறம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "நிற்காமல் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது" என்று எழுதினீர்களே, அதுவே பெரிய துப்பு. என் கணிப்பு காமன் சாண்ட்பைப்பர், தமிழில் உள்ளான். வுட் சாண்ட்பைப்பரும் ஆட்டும், ஆனால் இப்படி ஓயாமல் அல்ல.

படத்தைப் பெரிதாக்கி தோள்பட்டையை மட்டும் பாருங்கள். மார்பின் வெள்ளை, மடித்த சிறகுக்கு முன்னால் ஆப்பு அடித்தது போல மேலே ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வுட் சாண்ட்பைப்பருக்கு அது கிடையாது. அதற்கு முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண்ணைத் தாண்டி நீளும் வெள்ளைப் புருவம்.

பறக்கும்போது இன்னும் சுலபம். உள்ளான் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, சிறகை விறைப்பாகப் படபடத்துப் போகும். சிறகில் வெள்ளைக் கோடு தெரியும். வுட் சாண்ட்பைப்பருக்குச் சிறகில் கோடு இல்லை, வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் வெள்ளை. அது பெரும்பாலும் நன்னீர்ச் சதுப்பையும் வயலையும் தேடும். உப்புநீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் உள்ளானுக்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை கடல் வற்றும் நேரம் பார்த்து, காலையில் முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துப் பக்கம் போய் மேற்கே பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வலசை வந்த பறவைகள் இவை, ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. தயவுசெய்து சேற்றில் இறங்கி விரட்டாதீர்கள், அவை இரை தேடும் நேரம் அது.