தயாரிப்பாளர் வாத்தியாராகலாமா? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதான்: கொழும்பில் பல வருடம் பாட்டுத் தயாரிப்பாளராக இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ரொறன்ரோவில் கண்ட ஸ்ரூடியோவுக்கெல்லாம் ரெசுமே அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை. இப்ப இசைத் தயாரிப்பைப் படிப்பிக்கப் போகலாமா, அதற்குத் திரும்பவும் பல்கலைக்கழகம் போக வேணுமா என்று யோசிக்கிறீர்கள். அதோடு, தொழிலில் முடியாதவன்தான் வாத்தியாராகிறான் என்று மனிசி வீட்டில் சொல்லுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மனிசி வீட்டுக் கதைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சூசன் ரொஜர்ஸ் என்று ஒரு பெண்மணி. 1978 இல் லொஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவு இயந்திரங்கள் திருத்துகிற வேலையில் தொடங்கியவர். 1983 இலிருந்து 1987 வரை அமெரிக்கப் பாடகர் பிரின்ஸுக்கு ஒலிப்பதிவுப் பொறியியலாளர், அதுவும் பிரின்ஸ் உச்சத்தில் இருந்த வருடங்கள். பிறகு தயாரிப்பாளரானார். 1998 இல் பெயர்நேக்கட் லேடீஸ் என்ற கனடிய ரொக் இசைக்குழுவின் இசைத்தட்டை அவர்களோடு சேர்ந்து தயாரித்தார். அது அமெரிக்காவில் விற்றுத் தள்ளியது. அந்தக் குழு தொடங்கியது நீங்கள் இப்ப வாடகைக்கு இருக்கிற ஸ்காபரோவில்தான். அந்தக் காசை வைத்துக்கொண்டு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இளமாணி மாணவியாகப் போய் இருந்தார். பிறகு மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் இசையை மூளை எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ந்து 2010 இல் கலாநிதிப் பட்டம். பொஸ்ரனில் பேர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியராகப் படிப்பித்தார். இதைத் தோற்றுப்போன கதை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த வழிதான் வழி என்று நினைக்காதீர்கள். அதே மக்கில்லில் ஒலிப்பதிவு படிப்பித்த ஜோர்ஜ் மாசன்பேர்க் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவர். இன்று ஒலிப்பதிவு மென்பொருள்களில் எல்லாம் இருக்கிற, வேண்டிய சுருதிப் பகுதியை மட்டும் பிடித்துக் கூட்டிக் குறைக்கிற பராமெற்றிக் ஈக்குவலைசர் பற்றி 1972 இல் கட்டுரை வாசித்தவர் அவர். அவருக்கு அவருடைய வேலையே பட்டம். எனக்கும் உங்களுக்கும் அந்த அளவு பெயர் இல்லை, கலாநிதிப் பட்டத்துக்குக் காசும் இல்லை. அதனால் நடுவில் ஒரு பாதை பார்க்க வேணும்.

ஸ்ரூடியோக்கள் பதில் போடாததைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கணினியும் ஒரு நல்ல மைக்கும் பேஸ்மென்றில் வந்து உட்கார்ந்த பிறகு பெரிய ஸ்ரூடியோக்களில் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதே அருகிப்போச்சு. இங்கே பிறந்த பிள்ளைகளும் கோப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் நிற்குதுகள்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை, லண்டன் ஒன்ராறியோவில் இருக்கிற ஃபன்ஷோ கல்லூரி முதல் மிசிசாகா, ரொறன்ரோவில் உள்ள தனியார் நிறுவனங்கள் வரை இசைத் தயாரிப்புக்குப் பாடநெறி இருக்கிறது. அவர்கள் தொழில் செய்த ஆட்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால் உங்கள் பாட்டுப் பட்டியலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கொழும்பில் யார் பெரிய பாடகர் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது, நீங்கள் கையால் செய்வதை வாயால் விளங்கப்படுத்துவீர்களா என்பதை.

நான் இப்படி ஒரு கல்லூரிக்குப் போனபோது நேர்முகத்தில் சொன்னது, "கொம்ப்ரெஸரைப் படிப்பித்துக் காட்டுங்கள்." சத்தம் கூடுகிற இடத்தைத் தானாக அமுக்குகிற கருவி அது. ஒரு குரல் தடத்தை எடுத்து, அற்றாக் நேரத்தை, அதாவது அது அமுக்கத் தொடங்க எடுக்கிற நேரத்தை, 1 மில்லிசெக்கனில் வைத்துப் போட்டேன். ப, ட, க என்று வெடிக்கிற எழுத்துகளின் முனை மழுங்கி, பாடகி மைக்கை விட்டு ஓரடி பின்னுக்குப் போனது போல் இருந்தது. பிறகு 30 மில்லிசெக்கன். இப்ப அந்த எழுத்துகள் பிடிபடாமல் முன்னால் தப்பி வர, பின்னால் வருகிற உயிரொலி மட்டும் அமுங்கியது. இரண்டையும் கேட்கவிடுவதற்கு முதல் ஒலியளவைச் சமப்படுத்தினேன். அதுதான் முக்கியம். இரண்டில் ஒன்று ஒரு டெசிபெல் கூடச் சத்தமாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், மாணவன் கொம்ப்ரெஸரைப் பற்றி ஒன்றும் படித்திருக்க மாட்டான். நேர்முகக் குழுவில் இருந்த ஒருவர் அந்த இடத்தில்தான் பேனையை எடுத்து எழுதினார். நீங்கள் பல வருடம் யோசிக்காமல் செய்துவந்த இப்படியான சின்னச் சின்ன விஷயங்களை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பாடத்திட்டம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

சம்பளத்தை மறைக்காமல் சொல்ல வேணும். அரச கல்லூரிகளில் புதிதாகப் போகிறவர்களுக்கு முழுநேரம் கிடைப்பது அரிது. வாரத்துக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல், பன்னிரண்டு வரை படிப்பித்தால் "பார்ஷல் லோட்" என்பார்கள். வகுப்பில் நிற்கிற மணித்தியாலத்துக்குத்தான் காசு. வீட்டிலிருந்து திருத்துகிற நேரம் அதற்குள் அடக்கம். ஒப்பந்தம் ஒரு தவணைக்கு. அடுத்த தவணை கூப்பிடுவார்களா என்பது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. கோடையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வீட்டு வாடகையை இதை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பலருக்குத் தெரியாத கதவு உயர்பள்ளி. ஒன்ராறியோவில் அரச பள்ளியில் படிப்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் வேணும். பெயர்தான் கல்லூரி, ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுக்கிற அமைப்பு அது. இசை ஆசிரியர் என்று போனால் முதலில் பட்டம், அதற்கு மேல் கல்வியியல் படிப்பு. ஆனால் ரெக்னொலொஜிக்கல் எடியுகேஷன் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. மர வேலை, கார் திருத்துதல் எல்லாம் படிப்பிக்கிற பிரிவு. அதற்குள் கொமியுனிகேஷன்ஸ் ரெக்னொலொஜி என்ற பாடத்தில் ஒலி, ஒளிப்பதிவு வருகிறது. இந்தப் பிரிவுக்குப் பட்டம் கட்டாயமில்லை. ஐந்து வருடத் தொழில் அனுபவம், அல்லது படிப்பும் அனுபவமும் சேர்ந்து ஐந்து வருடம். அதற்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி. உங்கள் வயதுக்கும் குடும்பத்துக்கும் இதுதான் சரி என்பது என் எண்ணம். ஓய்வூதியமும் இருக்கு, மனிசி வீட்டு வாயும் மூடும்.

தனியாக வீட்டில் படிப்பிக்க ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை. பிள்ளைகள் வருவதால் பொலிஸிடம் வல்னரபிள் செக்ரர் செக், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கான பின்னணிச் சோதனை, எடுத்து வையுங்கள், பெற்றோர் கேட்கிறார்கள். தொடர்ந்து வரும் நாலு காலாண்டில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்ரி என்ற விற்பனை வரிக்குப் பதிவும் பார்க்க வேண்டிவரும். ஒரு இடைஞ்சல்: எங்கட பெற்றோருக்குச் சோதனையும் கிரேடும் இருந்தால்தான் அது படிப்பு. மிருதங்கத்துக்கும் பியானோவுக்கும் அது இருக்கு, மிக்ஸிங்குக்கு, பதிவு செய்த தடங்களைச் சேர்த்துப் பாட்டாக்குவதற்கு, எங்கட ஆட்களிடம் அப்படி ஒன்று பழக்கத்தில் இல்லை. அதனால் சின்னப் பிள்ளைகளை விட, அரங்கேற்றத்தைத் தானே பதிவு செய்யப் பார்க்கிற இளைஞர்களும், வீட்டில் பாடிப் பதிவேற்றுகிற பெரியவர்களும்தான் வருவார்கள். அவர்கள் நல்ல மாணவர்கள், சொன்னதைச் செய்வார்கள்.

இப்ப அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று. அந்த ஐந்து வருட அனுபவத்தைக் காட்ட, நீங்கள் கொழும்பில் வேலை செய்த ஸ்ரூடியோ முதலாளிகளிடமிருந்து கடிதம் எடுங்கள். தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை, கையொப்பம், தொலைபேசி இலக்கம் எல்லாம் நிறுவனத்தின் தாளில் இருக்க வேணும். "நல்ல பொடியன், திறமைசாலி" என்று மட்டும் எழுதித் தந்தால் இங்கே எண்ணிக்கைக்கு எடுக்க மாட்டார்கள். தனியாகச் செய்த வேலைக்கு ரசீதும் வங்கிக் கணக்கும் தேடுங்கள். ஸ்ரூடியோக்கள் பூட்டிக்கொண்டு போகிற காலம், முதலாளி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் பிறகு ஆளைப் பிடிக்கேலாது.