'க்ளிக்' சத்தத்தை நம்பி வாங்கிய கேமரா: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ராயபுரத்தில் குடியிருக்கிறேன். காசிமேடு துறைமுகத்தைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்க ஆசைப்பட்டு, பாரிமுனை பக்கம் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் நிக்கான் எஃப்.இ ஒன்றை 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரி கைவசம் இல்லை என்ற கடைக்காரர், பட்டனை அழுத்திக் காட்டினார். ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் திரை) அடித்தது. "எல்லா ஸ்பீடும் செக் பண்ணியாச்சு, பேட்டரி போட்டா பக்காவா ஓடும்" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். மறுநாள் புது பேட்டரி போட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் முள் அசையவில்லை. எம்90, பி என்ற இரண்டு நிலைகளைத் தவிர எந்த ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) வைத்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலேயே நின்றுவிடுகிறது. கேட்டால், பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். "கடலோரம் வீடு, உப்புக் காத்துல நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்றும் சொல்கிறார். வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கட்டுமா? விசேஷ வீடுகளில் படம் எடுத்துத்தான் பிழைக்கிறேன். நான் நுகர்வோர் கணக்கில் வருவேனா?

பதில்: முதலில், கேமராவைப் பிரிக்க விடாதீர்கள். இன்று அது உங்கள் கையில் இருக்கும் மிக முக்கியமான சாட்சி. ஒரு திருகைக் கழற்றினாலும், "வெளியில் கொடுத்துக் கெடுத்துவிட்டார்" என்ற வாதத்தை நீங்களே கடைக்காரருக்கு எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

இந்த வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த 'க்ளிக்' சத்தத்தில்தான். 1978இல் வந்த நிக்கான் எஃப்.இ, மின்னணு ஷட்டர் கொண்ட கேமரா. 8 வினாடியிலிருந்து 1/1000 வினாடி வரை ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்றுதான் கணக்கிடுகிறது. அதற்கு பேட்டரி வேண்டும். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் கைவிடாமல் இருக்க, எம்90 (1/90 வினாடி), பி என்ற இரண்டு நிலைகளை மட்டும் இயந்திர விசையிலேயே இயங்கும்படி வைத்தார்கள். 1976இல் வந்த கேனான் ஏ.இ-1இல் இந்த வசதி கிடையாது. பேட்டரி இல்லாவிட்டால் அது அடிக்கவே அடிக்காது. அந்தக் கேமராவை வாங்கியிருந்தால், கடையில் உங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது, நீங்களும் பேட்டரி இல்லாமல் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

ஆக, பேட்டரி இல்லாமல் கடைக்காரர் அடித்துக் காட்டியது இந்த இரண்டு நிலைகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மின்சுற்று செத்துப் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். இது சட்டப்படி ஏன் முக்கியம்? பொருள் விற்பனைச் சட்டம், 1930இன் 16(2) பிரிவு, ஒரு வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. "கையில் எடுத்துப் பார்த்துத்தானே வாங்கினார்" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். நீங்கள் செய்த பரிசோதனையில் இந்தக் குறை தெரியவே தெரியாது என்பதுதான் உங்கள் பதில். இதைப் புகாரில் பொறுமையாக, கேமரா பிடித்தறியாதவருக்கும் புரியும்படி எழுதுங்கள். புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எஃப்.இயைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பழைய பொருள்தானே என்ற கேள்வியும் வரும். நாற்பது வயது தாண்டிய கேமராவில் கீறலும், வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஃபோம் உளுத்துப்போயும் இருந்தால் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். ஆனால் "எல்லா ஸ்பீடும் செக் பண்ணியாச்சு" என்று எழுதிக் கொடுத்தது வேறு விஷயம். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பேட்டரியே இல்லாமல் எல்லா ஸ்பீடையும் எப்படிச் சோதித்தார் என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிறவரை அது தடுக்கலாம். குறையுள்ள பொருளுக்கு அது கவசம் ஆகாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே 2(47) பிரிவில் வருகிறது: பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள். உங்களுக்கு இரண்டு வாரம் போய்விட்டது, அதனால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். "குறைகளோடு, இருக்கிற நிலையில் விற்கப்படுகிறது" என்று பில்லில் எழுதி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை சிக்கலாகியிருக்கும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

உப்புக் காற்று வாதத்துக்குத் தேதிகளே பதில் சொல்லும். மறுநாளே கோளாறு தெரிந்தது. அன்றே கடைக்கு மெசேஜ் அனுப்பியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பவில்லை என்றால், பேட்டரி வாங்கிய பில்லின் தேதி உதவும். பேட்டரி அறையையும் படம் எடுங்கள். பச்சை பூத்திருந்தால் எப்போதோ பேட்டரி கசிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம், ஒரு ராத்திரியில் அது வராது. ஆனால் இந்தப் படம் இரண்டு பக்கமும் வெட்டும்: "மூடியைத் திறந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமே" என்பார்கள். இருந்தாலும் மறைக்காதீர்கள். வாய்மொழியாகவும் எழுத்திலும் உறுதி கொடுத்த பிறகு, மூடியைத் திறந்து பார்க்கவில்லை என்று வாங்கியவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதையே வாதமாக வைக்கலாம்.

வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக ஒரு வீடியோ எடுங்கள். புது பேட்டரி இரண்டையும் மல்டிமீட்டரில் அளந்து காட்டி, உள்ளே போட்டு, பின்பக்க பேட்டரி செக் லீவரை அழுத்தி, பிறகு எம்90இல் ஒருமுறை, மற்ற ஸ்பீடுகளில் ஒருமுறை. சீரியல் எண் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனையும் விற்றுவிடாதீர்கள். இப்படிப்பட்ட மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் தேவைப்படலாம்.

விசேஷங்களுக்குப் படம் எடுப்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் ஒரு பொருளைப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவே விளக்குகிறது. ஆசைக்காகப் படம் எடுக்க வாங்கியதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வரும். வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். ஆய்வு இல்லாமல் குறையை முடிவு செய்ய முடியாது என்று தோன்றினால் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பும். மெக்கானிக் பிரிக்க வேண்டிய நேரம் அப்போதுதான். 16,000 ரூபாய், வட்டி, செலவுத் தொகை, அளவான இழப்பீடு கேளுங்கள். லட்சக்கணக்கில் எழுதினால் உங்கள் புகாரின் கனம்தான் குறையும்.

போலீஸ் புகார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இப்போதைக்கு அது வேண்டாம். கடைக்காரருக்குக் கோளாறு முன்பே தெரியும் என்று காட்ட இன்னும் கையில் எதுவும் இல்லை.

நோட்டீஸ் போனதும், "கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று அழைப்பு வரலாம். கேமரா ஓடினால் போதும் என்று நீங்கள் நினைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் சீரியல் எண், இப்போதைய கோளாறு, திருப்பித் தரும் தேதி, சரியாகாவிட்டால் முழுப் பணம் என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கேமராவைக் கொடுக்காதீர்கள்.