ஃப்ளை ஃபிஷிங் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு வரிக் கேள்விதான். “ஃப்ளை ஃபிஷிங் பழக ஆசை, அடிப்படைச் சாமான்கள் எவை, எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதாமல் கடந்து போக முடியவில்லை. 2014ல் 640 டாலர் கொடுத்துத் தப்பான சாமான் வாங்கி, மூன்று வாரக் கடைசிகளை ஆற்றில் வீணாக்கியவன் நான்.

நீங்கள் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஆற்று நடுவில் நின்று வீசுகிற காணொளியைப் பார்த்திருப்பீர்கள். இணையக் கடையில் கூடையும் நிரம்பியிருக்கும். அந்தக் கூடையிலேயே விலை கூடிய பொருள் ரீல், அதாவது லைன் சுற்றும் உருளை, என்றால் தயவுசெய்து முதலில் அதை எடுத்துவிடுங்கள். லைனை, அதாவது வீசுகிற கயிற்றை, முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற ராட், அதாவது கம்பு, அடுத்தது, ரீல் கடைசி. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று விளக்கத்தான் இத்தனை நீளம்.

நம் ஊரில் தூண்டில் போட்டவர்களுக்கு நரம்பு என்றால் தெரியும். மெல்லியது, எடையே இருக்காது. ஈயக்குண்டோ தக்கையோ இருந்தால்தான் அது தூரம் போகும். கவண்கல் மாதிரி, கல்லின் எடைதான் பறக்கிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது ஈ அளவுக்கு ஒரு இறகுத் துணுக்கு, அதுதான் ஃப்ளை. ஊதினால் பறந்துவிடும், அதைத் தனியாக வீச முடியாது. அதனால் லைனையே தடியாக, எடையோடு செய்கிறார்கள். இது சாட்டை வீசுவது மாதிரி. என் தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவர். சாட்டையில் நுனிக் குஞ்சம் தானாகப் போவதில்லை, வாரின் எடை அதை இழுத்துக்கொண்டு போகிறது என்பது அவர் கையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இங்கே வார்தான் லைன், கம்புதான் ராட். வாரின் எடைக்குக் கம்பு வளைய வேண்டும். வளைந்து நிமிரும்போதுதான் லைன் போகும்.

அந்த எடைக்கு எண் வைத்திருக்கிறார்கள். 5 வெயிட் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். 8 வெயிட் என்றால் 210 கிரெய்ன், கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிராம். ராடில் தக்கைக் கைப்பிடிக்குச் சற்று மேலே அதே எண்ணை எழுதியிருப்பார்கள். இரண்டும் பொருந்த வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

டெட்ராய்ட் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை எனக்கு. மிச்சிகனில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டிரவுட் என்ற மீனைப் பிடிக்கும் பருவம் திறக்கும். அதற்கு முந்தின வாரம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஊருக்குப் புதியவன், இதற்கும் புதியவன் என்று என் பேச்சிலேயே விற்பனையாளருக்குத் தெரிந்துவிட்டது. “இது இருந்தால் சால்மனும் பிடிக்கலாம், டிரவுட்டும் பிடிக்கலாம், இன்னொன்று வாங்க வேண்டியதே இல்லை” என்று 8 வெயிட் ராடு ஒன்றைக் கொடுத்தார். பெரிய மீன் இழுத்தால் தாங்கும் என்று கனமான ரீல். எல்லாவற்றுக்கும் மேலே, “லைன் நான் இலவசமாகப் போட்டுத் தருகிறேன்” என்று விற்காமல் கிடந்த 5 வெயிட் லைன் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். அந்த இலவசத்துக்கு நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அது இன்றும் மனதில் உறுத்துகிறது. தெரியாமல் செய்தார் என்று சிலர் சொல்லலாம். கடையில் அந்தப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர் அவர், தெரியாமல் இருக்காது என்பதுதான் என் எண்ணம்.

ஐ 75 நெடுஞ்சாலையில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் கிரேலிங் என்ற ஊர் வரும். அங்கே ஓடுவது ஆ சாபிள் ஆறு. டிரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பு 1959ல் இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்கியது. பர்ட்டன்ஸ் லேண்டிங்கிலிருந்து வேக்லி பாலம் வரை சுமார் 8 மைலுக்கு ‘ஹோலி வாட்டர்’ என்று பெயர். அங்கே ஃப்ளை மட்டும்தான் போடலாம், பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். அங்கேதான் மூன்று சனிக்கிழமை நின்றேன். வீசினால் லைன் பத்தடி தள்ளிக் கொத்தாக விழும். வேகமாக வீசினால் இன்னும் மோசம். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். தண்ணீரில் மீன் மேலே வந்து வாய் வைத்துப் போகிற வட்டங்கள் கண்ணெதிரே விரிந்துகொண்டிருந்தன. இது எனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே பழகியவர்களுக்குத்தான் வரும் என்று தீர்மானித்துவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றும் கேட்காமல் என் ராடை வாங்கி, கைப்பிடிக்கு மேலே இருந்த எண்ணைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். லைன் எது என்று கேட்டார். பையில் லைன் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது, எடுத்துக் காட்டினேன். பெட்டியையும் ராடையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டு எண்ணையும் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். எட்டு, ஐந்து. பிறகு தன் ராடை என் கையில் கொடுத்தார். தக்கைப் பிடி வருடக்கணக்கான கையழுக்கில் கறுத்திருந்தது. ஒரு ஓரத்தில் தக்கை பெயர்ந்து, ஏதோ பூசி அடைத்திருந்தார். ரீலில் பெயின்ட் போய் வெறும் உலோகம் தெரிந்தது. ஆனால் லைன் மட்டும் புதிது, வழவழவென்று இருந்தது.

பின்னால் வீசு, நிறுத்து, பின்னால் லைன் நீளும்வரை பொறு, அப்புறம் முன்னால் என்றார். இரண்டாவது வீச்சில் ராட் கைக்குள் வளைவது தெரிந்தது. லைன் தலைக்கு மேலே ஒரு வளையமாக அவிழ்ந்து போய் நேராகத் தண்ணீரில் படிந்தது. மூன்று வாரம் என் கையில் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, கையில் ஒன்றுமில்லை.

நுனியில் அவர் கட்டியிருந்தது ஆடம்ஸ் என்ற ஃப்ளை. 1922ல் மிச்சிகனில் மேஃபீல்டைச் சேர்ந்த லென் ஹாலடே கட்டியது. தன் நண்பர் சார்லஸ் ஆடம்ஸ் பெயரையே அதற்கு வைத்தார். சாம்பல் நிற உடம்பு, வரிவரியான சேவல் இறகு. அரை மணியில் அதை ஒரு புரூக் டிரவுட் கவ்வியது. ஏழு அங்குலம் இருக்கும். கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும் என்றார். நனைத்துப் பிடித்தேன். முதுகில் புழு ஊர்ந்த தடம் மாதிரிக் கோலம், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீல வளையம், துடுப்பு ஓரத்தில் சுண்ணாம்பில் கோடு இழுத்தது போல வெள்ளை. முள்ளை எடுத்ததும் உள்ளங்கையில் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். ஆற்று டிரவுட்டுக்கு ஒன்பதடி, 5 வெயிட், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ராட் போதும். ரொம்ப விறைப்பானது வேண்டாம், மிதமாக வளைவது நல்லது. புதியவர் கைக்கு அது வளைவதை உணர்த்தும். லைன் மிதக்கும் வகையில், முன்பக்கம் எடை கூடிய 5 வெயிட் வாங்குங்கள். பெட்டியில் டபிள்யூ எஃப் 5 எஃப் என்று போட்டிருக்கும். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொகுப்பு 150 முதல் 250 டாலருக்குள் கிடைக்கிறது. எண் பொருத்தமாகத்தான் வரும், அதிலேயே தொடங்கலாம். தனித்தனியாக வாங்கினால் லைனுக்கு மட்டும் 60, 70 டாலர் கொடுக்கத் தயங்காதீர்கள். மலிவான லைன் சீக்கிரம் சுருள் விழும், மிதக்காது. சிக்கனம் பார்ப்பவர்கள் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் டபுள் டேப்பர் லைன் வாங்கலாம். ஒரு பக்கம் தேய்ந்தால் பாயைத் திருப்பிப் போடுவது போலத் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம்.

ரீலைப் பற்றிச் சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். ஸ்டீல்ஹெட், சால்மன் மாதிரிப் பெரிய மீன் பிடிப்பவர்களுக்கு நல்ல ரீல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து பன்னிரண்டு அங்குல மீனை ரீலால் இழுப்பதே இல்லை, இடது கையால் லைனை வாங்கி வாங்கி இழுக்கிறோம். ரீல் அங்கே லைனைச் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். 2015ல் வாங்கிய சாதாரண ரீலைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

லைன் நுனியில் லீடர் என்று ஒன்பதடிக்கு, போகப் போக மெலியும் நரம்பு. 5 எக்ஸ் வாங்குங்கள். அந்த எக்ஸ் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால் நுனியின் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று வரும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு. ஃப்ளை மாற்ற மாற்ற நுனி குறையும், ஒட்டுப்போட அதே அளவில் டிப்பெட் என்ற மெல்லிய நரம்பு ஒரு சுருள் வேண்டும். ஃப்ளைகளில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், வூலி பக்கர் என்று ஐந்து வகை, வகைக்கு மூன்று போதும். பெட்டி நிறைய வேண்டாம்.

பிரின்ஸ் நிம்ஃப் என்று இன்னொரு ஃப்ளை இருக்கிறது. அதன் உடம்பைச் சுற்றியிருப்பது மயிலிறகின் இழை. அதை முதலில் கையில் எடுத்தபோது என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் தூண்டிலுக்குத் தக்கையாகக் கட்டியது மயிலிறகுத் தண்டு. எங்கள் ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணை பக்கம். கெண்டையும் கெளுத்தியும் பிடித்ததாகச் சொல்வார். நான் பார்த்த நொய்யலில் அதெல்லாம் இல்லை. 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கியது. கிணறு கெட்டது, தென்னை கருகியது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தொழிலைக் கெடுக்கிறார்கள் என்று பேசிய சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. பட்டறையில் சம்பளம் வாங்கியவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் சித்தப்பாவே அவர்களில் ஒருவர். ஆனால் கரையில் வெள்ளாமை போனவனுக்கு யாரும் அப்படிப் பேசவில்லையே. கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். இங்கே கிரேலிங் ஊருக்கே பெயர் கொடுத்த கிரேலிங் மீனும் இந்த ஆற்றில் இல்லை. மரக்கட்டைகளை ஆற்றில் உருட்டிவிட்டு, முட்டையிடும் சரளைப் படுகையைச் சிதைத்தார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். 1930களுக்குள் மிச்சிகனிலேயே அது முடிந்துபோனது. அதனால் இவர்கள் மட்டும் உத்தமர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“பிடித்து விடுவதற்கா இவ்வளவு செலவு?” என்று கேட்பார்கள். என் மாமியார் இன்றும் கேட்கிறார். சில இடங்களில் விடுவது சட்டம், வேறு சில இடங்களில் எடுத்துவரலாம். நான் இரண்டும் செய்கிறேன். விடுவதாக இருந்தால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், சுலபமாகக் கழன்றுவிடும். அந்தக் குறடு, நரம்பு வெட்டி, போலரைஸ்டு கண்ணாடி, தொப்பி இவை கட்டாயம். கண்ணாடி தண்ணீருக்குள் பார்க்க மட்டும் இல்லை, பின்னாலிருந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும்தான்.

இடுப்புவரை போடும், தண்ணீர் புகாத வேடர்ஸ் கால்சட்டை முதல் கோடைக்கு வேண்டாம், பழைய ஷூவோடு இறங்கலாம். பிறகு வாங்கினால் இடுப்பு பெல்ட் இல்லாமல் ஒருபோதும் இறங்காதீர்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் வேகமாக நிரம்பாமல் தடுப்பது அதுதான்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்றால் நீலகிரியில் டிரவுட் உண்டு. அவலாஞ்சியில் 1907லேயே குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார்கள். மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்காமல் ராடோடு போய்விடாதீர்கள்.

ஆற்றுக்குப் போகும் முன் இரண்டு வாரம் புல்தரையில் பழகுங்கள். முள் வேண்டாம், நுனியில் ஆரஞ்சுக் கம்பளி நூல் ஒரு துணுக்குக் கட்டினால் போதும், எங்கே விழுகிறது என்று தெரியும். பணம் கட்டுவதற்கு முன்னால் ராடின் எண்ணையும் லைனின் எண்ணையும் கீழே கருத்தில் போடுங்கள். ராத்திரி வேலை முடிந்து வந்து பார்த்துச் சொல்கிறேன்.