தாலியா, ஏழு அடியா?

அன்புள்ள ஐயா,

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாலி ஏறியதும் கல்யாணம் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சம்பந்தி வீட்டுப் பெரியவரோ, "சப்தபதி, அதாவது அக்னி முன் மணமக்கள் ஏழு அடி வைப்பது, ஆனால்தான் முடிந்ததாகக் கணக்கு" என்கிறார். எது சரி? தாலி ஆதியிலிருந்தே நம்மிடம் உண்டா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

சட்டப்படி பார்த்தால் பெரியவர் பக்கம்தான் நியாயம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 7ஆம் பிரிவு: சடங்குகளில் சப்தபதி இருந்தால், அக்னி முன் ஏழாவது அடி வைக்கும்போதுதான் திருமணம் முழுமையாகிறது. சப்தபதி வழக்கமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு இல்லை. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 1967இல், அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் செல்லும். ஐயரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம்.

ஆனால் ஊர் மனசில் கல்யாணம் என்றால் கெட்டிமேளம்தான். அட்சதை போட்ட கையோடு கூட்டம் பந்திக்குக் கிளம்பிவிடும். பெண் ஏழு அடி நடக்கும்போதும் அம்மி மிதிக்கும்போதும் மணமேடையைச் சுற்றி நாலைந்து நெருங்கிய உறவும் போட்டோகிராபரும்தான் மிச்சம். சட்டம் பார்க்கிற கல்யாணத்தைச் சனம் பார்ப்பதில்லை.

தாலி ஆதியிலிருந்தே உண்டா என்றால், அகநானூற்றின் 86ஆம் பாட்டைப் படியுங்கள். நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தையே அதில் காட்டுகிறார். பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். வந்தவர்களுக்கு உளுந்து போட்டுக் குழைய வடித்த சோறு. திங்கள் உரோகிணியோடு சேரும் நாளின் விடியலில், பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலையில் ஊற்றி வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான் கல்யாணம். தாலியும் இல்லை, தீயும் இல்லை. தீ வலம் சிலப்பதிகாரத்தில் வருகிறது, கோவலன் கண்ணகி மணத்தில். அங்கே சொல்லப்படும் 'மங்கல அணி' தாலிதானா என்று அறிஞர்களுக்குள் பெரிய சண்டை. நான் 'அது தாலி இல்லை' என்கிற கட்சி.

பெரியவரிடம் தோற்றுப்போய்விடுங்கள், நஷ்டமில்லை. அப்புறம் சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பெண் ஏழாவது அடி வைக்கும்வரை முதல் பந்திக்கு இலை போட வேண்டாம்.