கர்நாடக வயலினிலிருந்து விவால்டிக்கு: வழுக்கும் விரல்களுக்கு

வணக்கம் அக்கா. வெள்ளவத்தையில் ஐந்து வருடம் கர்நாடக வயலின் படித்த மகள், இப்போது இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் கொன்செர்ட்டோவில் (வயலினை முதன்மையாக வைத்து வாத்தியக் குழுவோடு வாசிக்கும் மேற்கத்திய உருப்படி) ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வழுக்கிப் போகிறா என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையின் காதில் பிழையே இல்லை. ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகத்துக்குப் பழகிய கை அது.

முதலில் பிடியைப் பாருங்கள். தரையில் இருந்து வாசிக்கும்போது வயலினின் தலை காலில் ஊன்றியிருக்கும், இடது கை தாராளமாக வழுக்கலாம். மேற்கத்திய வாசிப்பில் நாடியும் தோளும்தான் தாங்கவேண்டும். தோளில் சரியாக நிற்காவிட்டால் கை பயந்து வயலினைப் பிடித்துக்கொள்ளும், விரல் நேராக விழாது.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. ஈ தந்தியில் மூன்றாம் விரலை வைத்து ஏ ஸ்வரத்தை வாசிக்கட்டும், உடனே வெறும் ஏ தந்தியை இழுக்கட்டும். விரல் சரியான இடத்தில் விழுந்தால் வயலின் உடம்பே அதிரும். தினமும் பத்து நிமிடம் போதும்.

ஒரே வயலினைக் கர்நாடக முறையின் ஸ-ப-ஸ-பவுக்கும் மேற்கத்திய முறையின் ஜி-டி-ஏ-ஈக்கும் மாற்றி மாற்றிச் சுருதி கூட்டாதீர்கள், தந்தி அறும். கடற்காற்றில் தந்தியை முறுக்கும் பிருடையும் இறுகிவிடும். முடிந்தால் இரண்டாவது வயலின் ஒன்று வாங்குங்கள்.

கர்நாடகத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை, கமகமே இல்லை. அவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். விவால்டியும் வெனிஸில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்தவர்தான். 1711இல் வந்த இந்தக் கொன்செர்ட்டோ பிள்ளைக்கு நிச்சயம் கைவரும்.